"கெமிஸ்ட்ரிதான், பேரு மட்டும் வேற"ன்னு சொன்னா நம்பாதீங்க: கம்பம், குமுளி பக்கம் உள்ளவங்களுக்கு

மக்களே, கொஞ்சம் நீளமாத்தான் எழுதிருக்கேன், வீட்டுல ப்ளஸ் டூ முடிச்ச புள்ள இருந்தா பொறுமையா கடைசி வரைக்கும் படிங்க.

நான் கம்பத்துல ஜீப் ஓட்டுறேன். தினம் விடியக்காலம் ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏத்திக்கிட்டு கம்பம்மெட்டு ஏறணும், சாயங்காலம் பத்திரமா இறக்கி விடணும், இதுதான் பொழப்பு. போன வாரம் மேட்டுல செக்போஸ்ட்டுகிட்ட வண்டி நிக்கிறப்ப பின்னாடி உக்காந்திருந்த ஒரு அக்கா, தூக்குச்சட்டிக்கு அடியில மடிச்சு வச்சிருந்த நோட்டீஸ எடுத்து "தம்பி, இதுல என்ன போட்டிருக்குன்னு வாசிச்சுச் சொல்லு, மகள காலேஜுல சேக்கலாம்னு அட்வான்ஸ் அஞ்சாயிரம் குடுத்திருக்கேன்"னு நீட்டுச்சு. வாங்கிப் பாத்தா பக்குன்னு ஆயிருச்சு. அதே மஞ்ச நோட்டீஸ், கோட்டு போட்டு சிரிக்கிற அதே புள்ள போட்டோ, அதே செல் நம்பர், காலேஜுல சேத்து விடுற கன்சல்டன்சி பேர மட்டும் மாத்திருக்காய்ங்க. நாலு வருஷத்துக்கு முன்னாடி எங்கம்மா திராட்சைத் தோட்டத்துல இருந்து வர்றப்ப இதே நோட்டீஸத்தான் கையில கொண்டாந்துச்சு.

என் தங்கச்சி அரசுப் பள்ளிக்கூடத்துல படிச்சவ. 2022 ஜூன் 20 ரிசல்ட் வந்துச்சு, நல்ல மார்க். அவளுக்கு சின்ன வயசுல இருந்து ஒரே ஆச, கெமிஸ்ட்ரி டீச்சர் ஆகணும். பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி, அப்பறம் பி.எட்., அப்பறம் டெட்ங்கிற ஆசிரியர் தகுதித் தேர்வு எழுதி வேலைக்குப் போகணும், அவ்வளவுதான் கணக்கு. எங்க அத்தை கேரளாவுல வண்டிப்பெரியாறுல எஸ்டேட் லயத்துல இருக்கு, அங்கிட்டு தமிழ் மீடியம் ஸ்கூல் இருக்கிறதால இங்க கிடைக்கலன்னா மேல போய்க்கலாம்னு ரெண்டாவது யோசனையும் இருந்துச்சு.

இந்தக் கன்சல்டன்சி ஆள் வீட்டுக்கே வந்தான். வெள்ளச் சட்டை, பேச்சு தேன். "உத்தமபாளையம், போடின்னு பக்கத்துல சேத்தா பத்தோட பதினொண்ணா நிக்கும் தம்பி, கோயம்புத்தூர் பக்கம் நம்ம காலேஜ் இருக்கு, புது கோர்ஸ், இண்டஸ்ட்ரி ஓரியண்டட், நூறு பர்சன்ட் பிளேஸ்மென்ட்"னான். கோர்ஸ் பேர நான் இங்க எழுதல, எழுதினா எந்த காலேஜுன்னு தெரிஞ்சுரும். கெமிஸ்ட்ரிங்கிற வார்த்தைக்கு முன்னாடி ஒரு வார்த்தை பின்னாடி ஒரு வார்த்தைன்னு ஒட்டவச்ச பேருன்னு வச்சுக்கோங்க. தங்கச்சி நேராவே கேட்டா, "சார், இத படிச்சா பி.எட். பண்ணலாமா?" அதுக்கு அவன் சிரிச்சுக்கிட்டே சொன்னது இன்னும் காதுல இருக்கு. "கெமிஸ்ட்ரிதாம்மா, பேரு மட்டும்தான் வேற, யுஜிசி அப்ரூவ்டு."

இதுல பாருங்க, யுஜிசி, அதாவது பல்கலைக்கழக மானியக் குழு, அப்ரூவ்டுன்னு அவன் சொன்னது பொய் இல்ல. பி.எஸ்சி.ங்கிற பட்டம் 1956 யுஜிசி சட்டப்படி செல்லுற பட்டம்தான். ஆனா பி.எஸ்சி.க்கு அப்பறம் வருதே சப்ஜெக்ட் பேரு, அத ஒவ்வொரு யுனிவர்சிட்டியும் தன்னாட்சி காலேஜும் அதுங்க இஷ்டத்துக்கு வச்சுக்கிடுது. அரசு வேலைன்னு வர்றப்ப அந்தப் பேரு சாதா கெமிஸ்ட்ரிக்கு சமமா இல்லையான்னு தமிழ்நாடு உயர்கல்வித் துறை தனியா அரசாணை (ஜி.ஓ.) போடும். மாநில உயர்கல்வி மன்றத்துல அதுக்குன்னே ஒரு ஈக்குவலன்ஸ் கமிட்டி இருக்கு, சிலபஸ ஒத்துப் பாத்து சமம், சமம் இல்லன்னு சொல்லுவாங்க. சமம் இல்லன்னு வந்த கோர்ஸுகளும் நிறைய இருக்கு. டி.ஆர்.பி. (ஆசிரியர் தேர்வு வாரியம்) பரீட்சை எழுதி பாஸாகி சர்டிபிகேட் வெரிபிகேஷன் வரைக்கும் போய் இந்த ஒரு காகிதம் இல்லாம திரும்பி வந்தவங்க இருக்காங்க. இதெல்லாம் எனக்கு இப்ப தெரியும். அப்ப ஜீப்புக்கு டீசல் என்ன விலைங்கிறது மட்டும்தான் தெரியும்.

அட்மிஷன் அன்னைக்கு நடந்தத சொல்றேன், இதுதான் முக்கியம். பாரத்துல மத்த எல்லாத்தையும் பேனாவுல நிரப்புனவன் கோர்ஸ் பேருங்கிற கட்டத்துல மட்டும் பென்சில்ல 'கெம்'னு ரெண்டெழுத்து எழுதிட்டு "அத ஆபீஸ்ல எழுதிக்கிருவாங்க, நீங்க கையெழுத்துப் போடுங்க"ன்னான். எங்கம்மாவும் கைநாட்டு இல்ல கையெழுத்துதான் போடும், அதுல அதுக்கு ஒரு பெருமை, நிதானமா முழுப் பேரையும் எழுதிக் குடுத்துச்சு. பணம் 38,000 ஒரு வருஷத்துக்கு, ஹாஸ்டல் தனி, கன்சல்டன்சிக்கு 10,000. ரசீது கேட்டா ஒரு டிரஸ்ட் பேருல கட்டட நிதின்னு போட்டுக் குடுத்தான். ஒரிஜினல் மார்க் ஷீட்டு எல்லாம் வாங்கி வச்சுக்கிட்டாய்ங்க.

அப்பறம் ஸ்காலர்ஷிப் கத. "எங்க டிரஸ்ட் மூலமா பாப்பாவுக்கு மாசம் ஆயிரம் ரூபா அக்கவுண்ட்ல விழும்"னான். விழுந்துச்சு. எங்கம்மா அவன தெய்வம்னே சொல்லிக்கிட்டு திரிஞ்சுச்சு, ரெண்டு பேர சேத்து வேற விட்டுச்சு. பின்னாடி பாத்தா அது புதுமைப்பெண் திட்டம்! 2022 செப்டம்பர் 5ல தொடங்குனது, ஆறாம் வகுப்புல இருந்து ப்ளஸ் டூ வரைக்கும் அரசுப் பள்ளிக்கூடத்துல படிச்ச பொம்பளப் புள்ளைங்க காலேஜ் போனா கவர்மென்ட் குடுக்குற காசு. எந்த காலேஜுல சேந்திருந்தாலும் வந்திருக்கும். கவர்மென்ட் காசக் காட்டி கமிஷன் அடிச்சிருக்கான் பயபுள்ள.

காலேஜ் ஆரம்பிச்சு ஒரு மாசத்துல தங்கச்சி போன் பண்ணுனா. "அண்ணே, அலைட் பேப்பர்ல பிசிக்ஸும் இல்ல மேத்ஸும் இல்ல, மேனேஜ்மென்ட்னு ஒண்ணு வச்சிருக்காங்க, லேபுக்கு வாரத்துக்கு ஒரு நாள்தான்"னு. அலைட்னா மெயின் சப்ஜெக்டோட சேத்துப் படிக்கிற துணைப் பாடம்னு எனக்கு அப்பத் தெரியாது, கன்சல்டன்சி ஆளுக்கு போன் அடிச்சேன். "இப்ப எல்லா இடத்துலயும் அப்படித்தான் தம்பி, மூணாவது வருஷம் எலெக்டிவ் வரும், அதுல பாப்பா கேக்குறத எடுத்துக்கலாம், ஆறு எலெக்டிவ் இருக்கு"ன்னான். நேர்ல போய் வேணாம் விட்டுருங்கன்னு கேட்டா காலேஜ் ஆபீஸ்ல "மூணு வருஷ பீஸும் கட்டிட்டு சர்டிபிகேட்ட வாங்கிட்டுப் போங்க"ன்னு சொல்லிட்டாய்ங்க. நாங்களும் பயந்துக்கிட்டு வாய மூடிட்டு வந்துட்டோம்.

இங்கதான் நான் இன்னும் என்னைய நானே திட்டிக்கிடுறேன். ஒரிஜினல் சர்டிபிகேட்ட காலேஜ் பிடிச்சு வச்சுக்கக் கூடாதுன்னு யுஜிசி 2018லயே சொல்லிருக்கு, பாத்துட்டுத் திருப்பிக் குடுத்துரணும். அதுபோக அந்த 2022ல கொரோனாவால அட்மிஷன் எல்லாம் தள்ளிப் போனதால அக்டோபர் 31க்குள்ள விலகுனா முழுப் பணத்தையும் திருப்பித் தரணும்னு யுஜிசி லெட்டரே விட்டிருந்துச்சு. நான் காலேஜ் வாசல்ல நின்னது செப்டம்பர் கடைசி. ஒரு மாசம் கையில இருந்துருக்கு. யுஜிசி இ-சமாதான்னு ஒரு புகார் தளம் இருக்கு, அதுல ஒரு புகார் போட்டிருந்தா போதும். யாருகிட்டயும் கேக்கல, ஜீப்ப எடுத்துக்கிட்டு ஊருக்கு வந்துட்டேன்.

எலெக்டிவ் கதையவும் சொல்லிடுறேன். மூணாவது வருஷம் வந்துச்சு. ப்ராஸ்பெக்டஸ்ல ஆறு எலெக்டிவ் அச்சடிச்சிருக்கு, உண்மையில நடத்துனது ஒண்ணே ஒண்ணு, ஏன்னா டிபார்ட்மென்ட்ல இருந்தது மூணு வாத்தியாருதான், அதுல ஒருத்தர் பாதில போயிட்டார். எலெக்டிவ்னா நம்ம எடுக்குறதுன்னு நெனச்சுக்கிட்டு இருந்தோம், டிபார்ட்மென்ட் எத எடுக்குதோ அதத்தான் நம்ம எடுத்துக்கணும். காலேஜ் பாக்கப் போனீங்கன்னா போன வருஷம் மூணாவது வருஷத்துல எந்த எலெக்டிவ் நடந்துச்சுன்னு சீனியர் புள்ளைங்ககிட்ட கேளுங்க, ஆபீஸ்ல கேக்காதீங்க. பிளேஸ்மென்ட்டும் வந்துச்சு, இல்லன்னு சொல்லல. ஒரு கம்பெனில பேக்கிங் லைன்ல நைட் ஷிப்ட், 13,500 சம்பளம். அதுக்கு பத்தாவது படிச்சாலே போதும்.

2025ல முடிச்சுட்டு பி.எட். சேரப் போனோம். அந்த பி.எட். காலேஜ் ஆபீஸ்ல இருந்த மேடத்த நான் மறக்க மாட்டேன். புரோவிஷனல் சர்டிபிகேட்ட வாங்கி பேனாவ வச்சு ஒவ்வொரு வரியா தள்ளிக்கிட்டே வந்தாங்க, கோர்ஸ் பேருகிட்ட வந்ததும் பேனா நின்னுருச்சு. நிமிந்து பாத்தாங்க. "இதுக்கு ஈக்குவலன்ஸ் ஜி.ஓ. இருக்காம்மா?" தங்கச்சி என்னையப் பாக்குறா, நான் அவளப் பாக்குறேன். "நான் பணத்த வாங்கிக்கிட்டு சேத்துக்கலாம், ஆனா யுனிவர்சிட்டி அப்ரூவலுக்குப் போறப்ப திருப்பி அனுப்பிருவாங்க, உங்களுக்கு ஒரு வருஷம் வீணாப் போகும், மொதல்ல படிச்ச காலேஜுல ஜி.ஓ. கேளுங்க"ன்னாங்க. அவங்களும் பிரைவேட் காலேஜுதான், கமுக்கமா பணத்த வாங்கிப் போட்டிருக்கலாம், போடல.

படிச்ச காலேஜுல போய் கேட்டா "அப்ளை பண்ணிருக்கோம், வரும்"னு சொன்னாய்ங்க. எப்ப பண்ணுனீங்கன்னு கேட்டா பதில் இல்ல. நம்மளா நேர்ல போய் வாங்குற காகிதமும் இல்ல அது, காலேஜ், யுனிவர்சிட்டி வழியாத்தான் போகணும். சரி எம்.எஸ்சி. சாதா கெமிஸ்ட்ரி சேந்து சரிபண்ணிரலாமான்னு பாத்தா, ப்ளஸ் ஒன், ப்ளஸ் டூவுக்கு பாடம் எடுக்குற பி.ஜி. அசிஸ்டென்ட் வேலைக்கு யு.ஜி.யும் பி.ஜி.யும் ஒரே சப்ஜெக்டா இல்ல சமமான சப்ஜெக்டா இருக்கணும், இல்லன்னா க்ராஸ் மேஜர்னு ஒதுக்கிருவாங்க. அத்தை ஊரு யோசனையும் படுத்துருச்சு, கேரளாவுல நம்ம டிகிரிய அங்க உள்ள யுனிவர்சிட்டி ஒத்துக்கிட்டு சர்டிபிகேட் குடுக்கணும், அங்கயும் மொதக் கேள்வி கோர்ஸ் பேருதான்.

அத்தை வீட்டுப் பக்கமும் இதே ஆளுக வேற கத சொல்லித் திரியிறாய்ங்க. கேரளாவுல 2024ல இருந்து நாலு வருஷ டிகிரி வந்துருச்சுல்ல, மூணு வருஷத்துலயும் டிகிரி வாங்கிட்டு வெளிய வரலாம், அதுல மேஜர், மைனர்னு இருக்கு. "மேஜர் ஒண்ணு மைனர் ஒண்ணு, ஆக மொத்தம் ரெண்டு டிகிரி"ன்னு லயத்துல போய் சொல்றாய்ங்களாம். டிகிரி ஒண்ணுதான்யா. மைனர்ங்கிறது கூட படிக்கிற சில பேப்பர், அவ்வளவுதான்.

ஒண்ணு சொல்லிக்கிறேன், புதுப் பேரு வச்ச கோர்ஸ் எல்லாம் மோசம்னு நான் சொல்ல வரல. பிரைவேட் கம்பெனிக்குப் போற ஐடியா இருந்தா அங்க ஈக்குவலன்ஸ் யாரும் கேக்கப் போறதில்ல, நல்ல லேபும் வாத்தியாரும் இருந்தா தாராளமா படிக்கட்டும். ஆனா டீச்சர் வேல, டி.என்.பி.எஸ்.சி.ன்னு யோசிக்கிற புள்ளைக்கு பட்டத்துல என்ன பேரு அச்சாகும்ங்கிறதுதான் எல்லாம். காலேஜுல மூணு வருஷம் முன்னாடி படிச்ச ஒருத்தரோட டிகிரி சர்டிபிகேட் ஜெராக்ஸ காட்டச் சொல்லுங்க. சமம்னு சொன்னா ஜி.ஓ. நம்பரும் தேதியும் கேளுங்க. "வரும்"னு சொன்னா எந்திரிச்சு வந்துருங்க.

தங்கச்சி இப்ப ஒரு நர்சரி ஸ்கூல்ல 7,000 சம்பளத்துக்குப் போறா. கூடவே திறந்தநிலைப் பல்கலைக்கழகத்துல பி.எஸ்சி. மேத்ஸ் மறுபடி முதல்ல இருந்து படிக்கிறா, கெமிஸ்ட்ரின்னா லேபுக்குப் போகணும், வேலையவும் விட முடியாது. கெமிஸ்ட்ரி புக்க எல்லாம் கட்டி பரண்ல போட்டுட்டா.

ஞாயித்துக்கெழம அந்த அக்காவ கூட்டிக்கிட்டு நானும் தங்கச்சியும் அந்த ஆபீஸுக்குப் போனோம். பழைய ஆள் இல்ல, ஒரு சின்னப் பையன் உக்காந்திருந்தான். தங்கச்சிதான் பேசுனா, கத்தல கித்தல. "டிகிரில வரப்போற கோர்ஸ் பேரு, ஜி.ஓ. நம்பர் ரெண்டையும் உங்க லெட்டர்பேடுல எழுதி சீல் வச்சுக் குடுங்க, மீதிப் பணத்த இப்பவே கட்டிர்றோம்"னா. அவன் உள்ள போய் யாருக்கோ போன் பேசிட்டு வந்து 3,000த்த டேபிள்ல வச்சான், பாக்கி 2,000 பிராசஸிங் சார்ஜாம். அக்கா எண்ணிப் பாத்து முந்தானையில முடிஞ்சுக்கிச்சு. பாக்கிக்கு அடுத்த வாரம் வருவோம்னு சொல்லிட்டு வந்திருக்கோம்.

அன்னைக்கு சாயங்காலமே பிரவுசிங் சென்டர்ல அந்தப் புள்ளைக்கு அரசு கலைக் கல்லூரி ஆன்லைன் அப்ளிகேஷன் போட்டாச்சு. மொத்தம் 50 ரூபா, எஸ்.சி., எஸ்.டி.ன்னா 2 ரூபாதான். தங்கச்சிதான் உக்காந்து டைப் பண்ணுனா. கோர்ஸ் பேரு வர்ற இடத்துல ரெண்டு தடவ எழுத்துக்கூட்டி சத்தமா படிச்சா, அந்தப் புள்ளையையும் ஒரு தடவ படிக்கச் சொன்னா, அப்பறம்தான் சப்மிட்ட அமுக்குனா.