டொயோட்டா 86-இல் வைட்பாடி கிட்: நான்கு ஆண்டுப் பயன்பாட்டு அனுபவம்

2021 மார்ச் மாதம் என் 2013-ஆம் ஆண்டு டொயோட்டா 86-இன் பின்பக்க மட்கார்டுகளை வெட்டி வைட்பாடி கிட் (காரின் உடலை அகலமாக்கும் ஃபைபர் பாகங்களின் தொகுப்பு) பொருத்தினேன். அதற்குப் பின் ஏறத்தாழ 38,000 கிலோமீட்டர் ஓட்டியிருக்கிறேன். நான் வசிப்பது ஜப்பானின் கவாசாகி நகரில். வார நாள்களில் ரயிலில்தான் வேலைக்குப் போகிறேன். கார் வார இறுதிக்கும், ஹகோனே மலைப்பாதைக்கும், ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை ட்சுகுபா பந்தயத் தடத்துக்கும் மட்டுமே. பொருத்திய மறுவாரம் எழுதியிருந்தால் இது வெறும் பாராட்டுரையாக இருந்திருக்கும். இப்போது எழுதும்போது ஃபைபரைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. அதற்குப் பின்னால் இருக்கும் தகட்டைப் பற்றித்தான் சொல்ல நிறைய இருக்கிறது.

காரின் இயல்பை முதலில் சொல்லிவிடுகிறேன். 2012-இல் வெளிவந்த இந்தக் கார் 200 குதிரைத்திறன் கொண்ட இரண்டு லிட்டர் பாக்ஸர் எஞ்சினும், 1,775 மி.மீ. அகலமும், 1,200 கிலோவைச் சற்றே தாண்டும் எடையும் உடையது. டர்போ, நான்கு சக்கர இயக்கம், அதிகப் பிடிப்புள்ள டயர் ஆகிய மூன்றும் வேண்டாம் என்பதே தலைமைப் பொறியாளர் தெட்சுயா தாடாவின் கொள்கையாக இருந்தது. ஆகவே 17 அங்குல வீலும் 215 மி.மீ. அகலமுள்ள சாதாரணத் தர டயருமே தொழிற்சாலையிலிருந்து வந்தன. குறைந்த வேகத்திலேயே பின்பக்கம் மெல்ல வழுக்கி ஓட்டுபவரைச் சிரிக்க வைக்கும் குணம் அந்த மெலிந்த டயரால்தான் வந்தது என்பதை, அதைக் கழற்றிய பிறகே முழுதாக உணர்ந்தேன்.

மட்கார்டை அகலப்படுத்தும் வழக்கம் இந்த நாட்டில் பழையது. நிஸானின் 1970-இல் வந்த ஸ்கைலைன் ஜிடி-ஆர் ஹார்ட்டாப்பும், 1971-இல் வந்த ஃபேர்லேடி 240இசட்ஜியும் போல்ட் தெரியும்படி பொருத்திய ஓவர்ஃபெண்டர்களோடு (மட்கார்டின் மேல் வரும் அகல விளிம்புகளோடு) தொழிற்சாலையிலிருந்தே வெளிவந்தன. 86-க்கு அந்தத் தோற்றத்தைக் கொண்டுவந்து உலகெங்கும் பரப்பியவர் கியோட்டோவைச் சேர்ந்த கெய் மியூரா. காரை முப்பரிமாணத்தில் ஸ்கேன் செய்து, கணினியில் வடிவமைத்து, இயந்திரத்தால் அச்சுக் கடையும் அவருடைய முறை வந்த பிறகு இத்துறையில் எதிர்பார்ப்பே மாறிவிட்டது. நான் வாங்கியது அவருடைய கிட் அன்று. விலை குறைந்த இன்னொன்று. குறை சொல்லப் போவதால் அதன் பெயரையும், பொருத்திய கடையின் பெயரையும் தவிர்க்கிறேன்.

செலவு: கிட் 4 லட்சம் யென், பொருத்திப் பெயிண்ட் அடிக்க 6 லட்சம், வீலும் டயரும் நாலரை லட்சம். முன்பக்கம் ஒரு புறத்துக்கு 45 மி.மீ., பின்பக்கம் 60 மி.மீ. கூடியது. வீல் கணக்கை நானே போட்டேன். ஆஃப்செட் என்பது வீலின் நடுக்கோட்டுக்கும் அது காரில் பொருந்தும் முகத்துக்கும் உள்ள தூரம், மி.மீ. கணக்கில்; அது குறைந்தால் வீல் வெளியே வரும். தொழிற்சாலை வீல் 7 அங்குல அகலமும் 48 ஆஃப்செட்டும் கொண்டது. பின்பக்கத்துக்குத் தேர்ந்தெடுத்தது 10 அங்குல அகலமும் 20 ஆஃப்செட்டும் கொண்டது. அகலத்தில் கூடிய மூன்று அங்குலத்தில் பாதி 38 மி.மீ.; ஆஃப்செட் வித்தியாசம் 28 மி.மீ.; இரண்டும் சேர்ந்து வீலின் வெளிவிளிம்பு 66 மி.மீ. வெளியே வரும், உள்விளிம்பு 10 மி.மீ. உள்ளே போகும். முன்பக்கம் 9 அங்குலம், 25 ஆஃப்செட். வெளியே 48 மி.மீ. கிட் வாங்குவதற்கு முன்பே இந்தக் கூட்டல் கழித்தலைப் போட்டுப் பார்க்காதவர்கள், பிறகு வீலை வெளியே தள்ளும் ஸ்பேசர் தேடி அலைகிறார்கள். 86-இன் வீல் போல்ட் வட்டம் ஐந்து துளை, 100 மி.மீ. என்பதால் அகலமான வீல்கள் கிடைப்பதே அரிது. எனக்கு இரண்டு மாதம் பிடித்தது. டயர் நான்கும் 255/35, 18 அங்குலம்; அதாவது 255 மி.மீ. அகலம். மொத்த விட்டம் பழையதைவிட 1.7 விழுக்காடு மட்டுமே கூடுவதால் வேகமானியில் பெரிய பிழை இல்லை.

இனி வெட்டுவதற்கு வருகிறேன். முன்பக்க மட்கார்டு போல்ட்டில் நிற்பது, கழற்றி மாற்றலாம். நான் பழைய இரும்புக் கடையில் ஒரு ஜோடி வாங்கி அவற்றையே வெட்டச் சொல்லி, அசலைத் துணி சுற்றிப் பத்திரப்படுத்தியிருக்கிறேன். பின்பக்கம் அப்படி அன்று. அது கூரைத் தூணிலிருந்து டிக்கி வரை உடலோடு ஒன்றாக வெல்டிங் செய்யப்பட்ட தகடு. சக்கர வளைவின் விளிம்பில் வெளித்தகடும் உள்தகடும் மடிந்து ஒட்டியிருக்கும். அந்த மடிப்பை வெட்டி எடுத்தவுடன் இரண்டு தகடுகளும் பிரிந்துவிடும். நடுவில் திறக்கும் இடைவெளி நேராகக் காரின் உட்புறத்துக்கும் டிக்கிக்கும் போகும். அறுபது வயதைக் கடந்த கடைக்காரர் வெட்ட வேண்டிய கோட்டை வெள்ளை டேப்பால் ஒட்டிவிட்டு, கிரைண்டரைக் கையில் எடுத்த பிறகும் என்னை ஒருமுறை திரும்பிப் பார்த்து, "வெட்டிவிடலாமா?" என்று கேட்டார். நான் தலையாட்டினேன். இடது பக்கத்தில் தீப்பொறி பறந்த நான்கு நிமிடங்களும் எனக்கு வயிறு கலங்கியது.

முறையான வழி என்னவென்றால், உள்தகட்டைச் சீப்புப் பல்லைப் போலக் கீறி, ஒவ்வொரு பல்லையும் வெளியே மடக்கி வெளித்தகட்டோடு சேர்த்து, இடைவெளி விடாமல் வெல்டிங் செய்ய வேண்டும். பிறகு துத்தநாகப் பிரைமர், அதன் மேல் நீர் புகாமல் அடைக்கும் சீலர், அதற்கும் மேல் கல்லடி தாங்கும் பூச்சு. என் கடையில் வெல்டிங்கை ஐந்தைந்து சென்டிமீட்டர் தள்ளிப் புள்ளி புள்ளியாக வைத்துவிட்டு, இடையில் இருந்ததையெல்லாம் சீலரால் நிரப்பிவிட்டார்கள் என்பது எனக்கு அப்போது தெரியாது. மேலே ஃபைபர் வந்துவிட்டால் கண்ணுக்குத் தெரியாத இடம் அது.

முதல் மழைக்காலம் ஒன்றுமில்லாமல் போனது. 2022 ஜூன் மாதம், இரண்டாவது மழைக்காலத்தில், டிக்கியைத் திறந்தால் மூடிவைத்த துணிக்கூடையைப் போல ஒரு வாடை வந்தது. விரிப்பின் இடது மூலையை அழுத்தினேன், விரல் நனைந்தது. பின் ஃபிளேரை (சக்கர வளைவின் மேல் வரும் ஃபைபர் பாகத்தை)க் கழற்றிப் பார்த்தபோது சீலர் இழுபட்டு, மயிரிழை போல் விரிசல் விட்டிருந்தது. விரிசல் நெடுகிலும் பழுப்புக் கோடு ஓடியது. ஒரு இடத்தில் ஸ்க்ரூ டிரைவர் முனையை வைத்து அழுத்தினேன். பெயிண்ட் பொரிந்து உதிர்ந்து, அடியில் துரு பொடியாகக் கொட்டியது. டயர் ஒவ்வொரு சுற்றிலும் நீரையும் மணலையும் வாரி அடிக்கும் இடத்தில், உடல் முறுக்கிக்கொள்ளும் விளிம்பில், சீலரை மட்டும் நம்பியதன் விளைவு அது. வேறொரு டிங்கரிங் பட்டறையில் இரு பக்கமும் சுரண்டி, சூட்டில் தகடு நெளியாதபடி சிறிது சிறிதாக முழு நீளமும் வெல்டிங் செய்து, உட்குழிக்குள் மெழுகும் தெளிக்க 1,20,000 யென் ஆனது. அதற்குப் பிறகு இன்றுவரை ஒரு சொட்டு இறங்கவில்லை. பொருத்தும் நாளிலேயே அங்கே நின்று, சீலர் பூசுவதற்கு முன் வெல்டிங்கைப் படம் பிடித்துத் தரச் சொல்லியிருந்தால் இந்தச் செலவே வந்திருக்காது.

ஃபைபரின் பொருத்தம் எதிர்பார்த்ததுதான். இடது பின் ஃபிளேருக்கும் பம்பருக்கும் நடுவே 6 மி.மீ. இடைவெளி, வலது பக்கம் ஒட்டிக்கொண்டிருந்தது. தேய்ப்பதும் பட்டி பார்ப்பதுமாகவே பெயிண்டிங்குக்கு முன் ஒரு வாரம் போனது. மூன்றாம் குளிர்காலத்தில் இரண்டு போல்ட் துளைகளைச் சுற்றி நட்சத்திரம் போல மெல்லிய விரிசல் தெரிந்தது. கைக்கு வந்தபடி முறுக்கியது என் தவறு. தகட்டில் பதித்திருக்கும் ரிவெட் நட்டுகளில் இரண்டு, அதே முறுக்கலில் பிடி விட்டுச் சுற்ற ஆரம்பித்தன. வெறும் துளை விளிம்பில் துரு பிடிக்காமல் இருக்க ஒவ்வொரு துளைக்கும் பிரைமர் தொட்டு வைப்பது அவசியம். ஃபிளேருக்கும் உடலுக்கும் நடுவே வரும் ரப்பர் பட்டையைப் பற்றி யாரும் என்னிடம் சொல்லவில்லை. அதற்குள் நுண்மணல் புகுந்து, அதிர்வில் உப்புத்தாள் போலத் தேய்த்து, ஓராண்டில் பெயிண்டைத் தகடு வரை தின்றுவிட்டது. இப்போது அந்த இடத்தில் பெயிண்ட் பாதுகாப்புப் படலம் ஒட்டியிருக்கிறேன்.

சட்டப் பக்கம் பலரும் பயப்படுவதைவிட எளிது, ஆனால் காலக்கணக்கு முக்கியம். ஜப்பானில் அகலம் 2 சென்டிமீட்டருக்கு மேல் மாறினால் கட்டமைப்பு மாற்றச் சோதனைக்குக் காரைக் கொண்டுபோக வேண்டும். அதில் தேறினால் புதிய ஷாகென் (கட்டாய வாகனத் தகுதிச் சான்றின் செல்லுபடிக் காலம்) அன்றிலிருந்து தொடங்கும். பழையதில் மீதமிருந்த மாதங்கள் போனது போனதுதான். ஆகவே ஷாகென் முடியும் மாதத்தோடு சேர்த்துச் செய்தேன். தரையிலிருந்து 9 சென்டிமீட்டர் இடைவெளி, டயர் வெளியே துருத்தாமை, கூர்முனை இல்லாமை ஆகியவற்றைப் பார்த்தார்கள்; இதற்காகவே உருண்டைத் தலை போல்ட்டுகளைப் போட்டிருந்தோம். சான்றிதழில் 177 செ.மீ. என்றிருந்த அகலம் 189 ஆனது. காப்பீட்டு நிறுவனத்துக்கும் அந்த வாரமே தெரிவித்தேன்.

அந்த 189 எனக்குக் கொடுத்த உண்மையான தொல்லை வேறு. என் குடியிருப்பின் இயந்திர வாகன நிறுத்தத்தில் அகல வரம்பு 1,850 மி.மீ. இதை முன்பே யோசிக்காமல் விட்டது அசட்டுத்தனம். இப்போது பன்னிரண்டு நிமிட நடைத் தூரத்தில் திறந்தவெளி இடத்துக்கு மாத வாடகை கட்டுகிறேன். மழை நாளில் குடையோடு காருக்கு நடக்கும்போதெல்லாம் மனைவி ஒன்றும் சொல்வதில்லை. சொல்லியிருந்தால் பரவாயில்லை என்று தோன்றும். தானியங்கிக் கழுவு நிலையங்கள் பலவும் இத்தகைய கார்களை ஏற்பதில்லை என்பதால் கையால்தான் கழுவ வேண்டும்.

ஓட்டும் அனுபவத்தில் லாபமும் நட்டமும் கலந்திருக்கின்றன. ட்சுகுபாவில் என் நேரம் 1 நிமிடம் 13 விநாடியிலிருந்து 1 நிமிடம் 10 விநாடிக்கு இறங்கியது. அந்தப் பெருமை டயருக்கே உரியது, ஃபைபருக்கு அன்று. சக்கரம் வெளியே தள்ளி நிற்பதால் ஸ்டியரிங் அச்சுக்கும் டயரின் நடுப்பகுதிக்கும் உள்ள தூரம் கூடிவிட்டது. லாரிகள் ஓடித் தடம் பதிந்த நெடுஞ்சாலையில் கார் அந்தப் பள்ளத்தின் போக்கிலேயே இழுக்கும். இரு கைகளையும் எடுக்கவே முடியாது. பிரேக் பிடிக்கும்போது ஒரு சக்கரம் மட்டும் மேட்டில் ஏறினால் ஸ்டியரிங் கையில் உதறும். பேரிங்கின் மேல் விழும் நெம்புகோல் சுமையும் அதிகம். பொருத்தி 25,000 கிலோமீட்டருக்குள் இடது முன் பேரிங் விமானம் போல் இரைய ஆரம்பித்தது, ஹப்போடு மாற்றினேன். எரிபொருள் லிட்டருக்கு 12 கிலோமீட்டரிலிருந்து ஏறத்தாழ 10.5-க்கு இறங்கியது. பழைய கார் நகர வளைவிலேயே கொடுத்த விளையாட்டை இந்தக் கார் கொடுக்க வேண்டுமானால், பொதுச்சாலையில் போகக்கூடாத வேகத்தில் போக வேண்டும். 200 குதிரைத்திறனுக்கு 255 டயர் அதிகம் என்பதே என் முடிவு; அடுத்த முறை டயர் மாற்றும்போது 235-க்கு வரலாமா என்று பார்க்கிறேன், ஆனால் 10 அங்குல வீலில் அது இழுபட்டு நிற்கும்.

இருந்தும் யோகோஹாமாவின் தைகோகு நிறுத்தத்தில் ஞாயிறு காலையில் காரை நிறுத்திவிட்டுக் காபி வாங்கித் திரும்பும்போது, பின்பக்கத்தை முக்கால் கோணத்தில் பார்க்கும் அந்த ஒரு நொடிக்காக நான் இதையெல்லாம் பொறுத்துக்கொள்கிறேன் என்பதை மறைக்கவில்லை. ஆண்டுக்கொரு முறை, ஜூன் பிறப்பதற்கு முன், நான்கு ஃபிளேர்களையும் கழற்றி மணலைக் கழுவி, வெல்டிங் விளிம்பில் டார்ச் அடித்துப் பார்த்து, மெழுகு தெளித்து மறுபடி பூட்டுகிறேன். ஒரு பக்கத்துக்கு ஒன்றரை மணி நேரம் ஆகிறது. இந்த ஆண்டு வலது பக்கத்தில் புதிதாக ஒரு பழுப்புப் புள்ளி, கடுகளவு. தேய்த்துப் பிரைமர் வைத்திருக்கிறேன்.