பெல்ற்றா, கியரா? மணல் தடத்துக்கு எந்த சைட்-பை-சைட்

சைட்-பை-சைட் என்றால் ஆட்கள் பக்கம் பக்கமாக இருந்து போகும், கரடுமுரடான தடங்களுக்கான நாலு சில்லு வண்டி. அவற்றில் பொலாரிஸ் ரேஞ்சர் எக்ஸ்பி 1000, ஹொண்டா பயனியர் 1000 இரண்டுக்கும் 999 சிசி எஞ்சின்தான். வித்தியாசம் சில்லுக்குப் பலம் போகும் வழியில். ரேஞ்சரில் ரப்பர் பெல்ற் ஓடும் சிவிரி (CVT), அதாவது படிப்படியான கியர் மாற்றம் இல்லாமல் தானாகவே விகிதம் மாறும் அமைப்பு; பயனியரில் இரட்டைக் கிளச்சுடன் 6 கியர், பெல்ற்றே இல்லை.

யாழ்ப்பாணத்து மணற்காட்டு மணலில் பெல்ற்றைக் கொல்வது சூடு. ஆளையும் சாமானையும் ஏற்றிக்கொண்டு 'ஹை' என்ற வேக நிலையில் மெல்ல ஊர்ந்தால் பெல்ற் வழுக்கி, கருகிய ரப்பர் மணம் வரும். மெல்லத்தான் போகவேண்டும் என்றால் 'லோ' என்ற இழுவை நிலையைப் போடுங்கள். மாரியில் வெள்ளத்துக்குள் இறக்கி பெல்ற் பெட்டிக்குள் தண்ணீர் போனாலும் வழுக்கும். வடிகால் மூடியைக் கழற்றி வடியவிட்டு, நியூட்றலில் எஞ்சினை முறுக்கிக் காயவைக்க வேண்டும். அறுந்தால் தடத்திலேயே மாற்றலாம், ஆனால் பெல்ற் சுற்றும் சக்கரமான புல்லிக்குள் சிக்கிய நார்த் துண்டுகளை ஒன்றுவிடாமல் எடுக்காவிட்டால் புதியதும் நிலைக்காது. உபரி பெல்ற் இல்லாமல் வீட்டுப் படலை தாண்டாதீர்கள்.

பயனியருக்கு இந்தத் தலையிடி இல்லை. இறக்கத்தில் எஞ்சினே வண்டியை நன்றாகப் பிடித்து வேகத்தைக் குறைக்கும், யாழ்ப்பாணத்தில் இறக்கத்தை எங்கே தேடுவது என்பது வேறு கதை. ஆனால் கிளச் பழுதானால் தடத்தில் ஒன்றும் செய்யேலாது. கட்டி இழுத்துத்தான் வரவேண்டும். ஆகவே எஞ்சின் ஒயில் மாற்றும் தவணை தப்பக்கூடாது.

தனியே போகிறவருக்கு, கையில் ஸ்பனர் பிடிக்கத் தெரிந்தால், ரேஞ்சர். நீர், சேறு, பாரம் அதிகமென்றால் பயனியர். எதுவானாலும் கடற்கரை போய்வந்த அன்றே நல்ல தண்ணீரால் அடிப்பக்கம் கழுவுங்கள், எயார் பில்ரரைத் திறந்து பாருங்கள்.