டிஜிட்டல் வெல்பீயிங், ஸ்கிரீன் டைம்: ஆறு மாசம் யூஸ் பண்ணிப் பாத்தேன்

ஆப்புக்கு டைம் லிமிட் வெச்சா நெஜமாவே போன் பாக்குறது குறையுமானு நெறைய பேர் கேக்குறாங்க, அவங்களுக்காகத்தான் இது. என் சொந்த போன் ஆண்ட்ராய்டு, ஆபீஸ்ல குடுத்தது ஐபோன், ஆறு மாசமா ரெண்டுலயும் லிமிட் போட்டு வெச்சிருக்கேன். தனியா எதையும் இன்ஸ்டால் பண்ண வேண்டாம், காசும் கிடையாது. ஆண்ட்ராய்டுல டிஜிட்டல் வெல்பீயிங், ஐபோன்ல ஸ்கிரீன் டைம், ரெண்டுமே 2018ல வந்தது, செட்டிங்ஸ்லயே இருக்கு.

லிமிட் போடறதுக்கு முன்னாடி ஒரு வாரம் கணக்கு மட்டும் பாருங்க. ஒரு நாளைக்கு ரெண்டு மணி நேரம் பாப்பேன்னுதான் நெனச்சிட்டு இருந்தேன், பாத்தா 5 மணி 20 நிமிஷம், அதுல பாதிக்கு மேல ஒரே ஒரு ஷார்ட் வீடியோ ஆப்ல போயிருக்கு. அதைவிட உறுத்துனது அன்லாக் எண்ணிக்கை, ஒரே நாள்ல 118 தடவ. என் பொண்ணு ஏதாவது சொல்ல வர்றப்பல்லாம் என் கையில போன் இருந்துருக்குனு அப்பதான் உறைச்சுது, ரொம்ப கஷ்டமா இருந்துச்சு.

ஆண்ட்ராய்டுல டிஜிட்டல் வெல்பீயிங்ல இருக்க டாஷ்போர்டுக்குள்ள போனா ஒவ்வொரு ஆப் பக்கத்துலயும் மணல் கடிகாரம் மாதிரி ஒரு ஐகான் இருக்கும், அதைத் தொட்டு டைம் வெக்கணும் (சில போன்ல மெனு கொஞ்சம் வேற மாதிரி இருக்கும்). டைம் முடிஞ்சதும் ஆப் நின்னுரும், ஐகான் சாம்பல் கலராயிடும், அதோட நோட்டிஃபிகேஷனும் வராது. இந்த நோட்டிஃபிகேஷன் நிக்கிறதுதான் எனக்குப் பெரிய உதவி, ஏன்னா பாதி நேரம் அது கூப்பிட்டுதான் நான் உள்ள போறேன். திரும்பத் தெறக்கணும்னா செட்டிங்ஸ்க்குப் போய் டைமர மாத்தணும், அந்த நாலு தட்டு தட்டுறதுக்குள்ள "இப்ப எதுக்கு"னு ஒரு நெனப்பு வந்துரும், பல நாள் அதுலயே போன கீழ வெச்சிருக்கேன். ஆனா மாத்தறதுக்கு பாஸ்வேர்ட் எதுவும் கேக்காது, மூணாவது வாரத்துல என் கை அந்த நாலு தட்டையும் பழகிடுச்சு.

ஐபோன் இதுக்கு நேர் எதிர். சும்மா லிமிட் மட்டும் போட்டா அது ஒண்ணுத்துக்கும் ஆகாது, டைம் முடிஞ்சதும் வர்ற ஸ்கிரீன்லயே இன்னும் 15 நிமிஷம், இன்னிக்கு முழுக்க விட்டுருனு பட்டன் இருக்கும், அமுக்கிட்டு போயிட்டே இருப்போம். ஆனா ஸ்கிரீன் டைமுக்குனு தனியா 4 நம்பர் பாஸ்கோட் வெக்கலாம், அதோட லிமிட் முடிஞ்சதும் பிளாக் பண்ணுங்கறதையும் ஆன் பண்ணிட்டா கதையே வேற. பாஸ்கோட நாம போடக்கூடாது, வீட்டுல யாரையாவது போடச் சொல்லணும். நான் என் தங்கச்சிகிட்ட குடுத்தேன். அப்ப ரெகவரிக்கு (பாஸ்கோட் மறந்தா மீட்க) ஆப்பிள் ஐடி கேக்கும், இப்ப அதுக்கு ஆப்பிள் அக்கவுண்ட்னு பேரு, அதுல நம்ம ஐடிய போட்டா நாமளே ரீசெட் பண்ணிக்கலாம், அதனால அதையும் அவங்க கையிலயே விட்டுருங்க. அவகிட்ட போய் "பாப்பா இன்னும் பத்து நிமிஷம்"னு கேக்க எனக்கு வாய் வரல, அதனாலயே குறைஞ்சுது.

இன்னொரு ஓட்டை பிரவுசர். ஆப்புக்கு மட்டும் டைமர் வெச்சா அதே சைட்ட குரோம்ல தெறந்து பாக்க ஆரம்பிச்சிடுவோம், நானும் பாத்தேன். வெப்சைட்டுக்கும் ரெண்டு போன்லயும் லிமிட் போடலாம், மறக்காம போடுங்க. இன்ஸ்டாகிராம் மாதிரி ஆப்புக்குள்ளயே இருக்க டெய்லி லிமிட்ட நம்ப வேண்டாம், அது ஞாபகம் மட்டும்தான் படுத்தும், தள்ளிவிட்டுட்டு ஸ்க்ரோல் பண்ணலாம்.

எவ்வளவு நேரம் வெக்கலாம்னா, எடுத்த உடனே 15 நிமிஷம்னு வெக்காதீங்க, ரெண்டே நாள்ல டைமரையே எடுத்துருவீங்க. நான் 2 மணி நேரத்துல ஆரம்பிச்சு வாராவாரம் கொஞ்சம் கொஞ்சமா குறைச்சு இப்ப 40 நிமிஷத்துல நிக்குறேன். மேப், பேங்க், மெசேஜ் இதுக்கெல்லாம் லிமிட்டே வேண்டாம்.

என்னோட பெரிய குறை ஒண்ணே ஒண்ணு, கணக்கு நைட்டு 12 மணிக்கு புதுசா ஆரம்பிக்குது. 11:50க்கு லிமிட் முடிஞ்சா பத்து நிமிஷம் கண்ண முழிச்சுட்டு படுத்திருந்தா போதும், மறுபடி முழு 40 நிமிஷமும் கையில, அதுவும் தூங்க வேண்டிய நேரத்துல. ஒரு மாசம் இதுலயே என் தூக்கம் போச்சு. இப்ப ஐபோன்ல டவுன்டைம் (நாம அனுமதிச்ச ஆப் மட்டும் தெறக்கும்), ஆண்ட்ராய்டுல ஃபோகஸ் மோட் (நாம தேர்ந்தெடுத்த ஆப்பெல்லாம் நின்னுரும்), ரெண்டையும் நைட்டு 10ல இருந்து காலைல 6:30 வரைக்கும் ஷெட்யூல் போட்டு வெச்சிருக்கேன். பாஸ்கோட் போட்ட ஐபோனுக்கு 5க்கு 4 குடுப்பேன், ஆண்ட்ராய்டுக்கு 3, அதுல ஒரு பாஸ்வேர்ட் வந்துட்டா அதுக்கும் 4 தாராளமா குடுக்கலாம்.