மூன்று வருஷமாகப் பேசும் டிவி

குடியாத்தத்திலிருந்து நண்பன் போன் பண்ணினான். "அப்பாவுக்குக் கண்ணு சுத்தமா தெரியலடா. உன் வீட்ல இருக்கிற அதே டிவிய வாங்கிடட்டுமா?" போனில் சரியாகச் சொல்ல வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

சத்துவாச்சாரி வீட்டுக்கு இந்த ஆண்ட்ராய்டு டிவி வந்து மூன்று வருஷம் ஆகிறது. எனக்குப் பார்வை கிடையாது, அதனால் படத்தின் தரம் பற்றி நான் பேசப் போவதில்லை. டாக்பேக், அதாவது திரையில் இருப்பதை டிவியே வாசித்துச் சொல்லும் வசதி, அருமை. ரிமோட்டில் பேக் பட்டனையும் கீழ் அம்பையும் சேர்த்துச் சில நொடி அழுத்திப் பிடித்தால் டிவி பேச ஆரம்பிக்கும். போன மாதம் போர்டு மாற்றிய மெக்கானிக் எல்லாவற்றையும் ரீசெட் செய்துவிட்டுப் போனார். யாரையும் கூப்பிடாமல் நானே திரும்பப் பேச வைத்தேன். அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷத்தைச் சொல்லி மாளாது. கேபிள் பாக்ஸ் மட்டும் ஊமை. அதன் மெனு டிவிக்கு வெறும் படம் என்பதால் டாக்பேக் வாசிக்காது. சேனல் நம்பர்களை மனப்பாடம் செய்துகொண்டேன்.

என் ஆற்றாமை வேறு. ராத்திரி சீரியலில் திடீரென்று வசனம் நின்றுவிடும், வயலின் மட்டும் இழுக்கும், என் மனைவி "அடிப்பாவி!" என்பாள். என்ன நடந்தது? யார் வந்தது? மகள்தான் காதருகே சொல்வாள்: "தாலியக் கழட்டி மேஜை மேல வெச்சுட்டாங்கப்பா." வசனத்தின் மேல் ஏறாமல், இடைவெளிக்குள் சொல்லி முடிக்க அவளாகவே பழகிக்கொண்டாள். ஆடியோ டிஸ்கிரிப்ஷன் என்பது இதுதான். நெட்ஃபிளிக்ஸ் 2015இலேயே தொடங்கிவிட்டது. அதில் ஒரு ஆங்கிலத் தொடரை யார் உதவியும் இல்லாமல் முழுசாகப் பார்த்தேன். நாங்கள் பார்க்கும் தமிழ் சீரியல் ஒன்றில்கூட அது இல்லை. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, 42ஆம் பிரிவில் ஆடியோ டிஸ்கிரிப்ஷன் என்று பெயர் சொல்லியே எழுதியிருக்கிறது. 2019இல் டிவி நிகழ்ச்சிகளுக்கென மத்திய அரசு கொண்டுவந்த தரவிதிகள் காது கேளாதவர்களுக்கானவை. அவர்களுக்குக் கிடைத்தது நியாயம்தான். நாங்கள் எத்தனை வருஷம் காத்திருப்பது?

மகள் இப்போது பிளஸ் டூ. எட்டரை வரை டியூஷன். அவள் வரும்வரை வயலினை மட்டும் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

டிவியில் ஒரு குறையும் இல்லைடா, ஐந்துக்கு நாலரை தருவேன். ஆனால் ராத்திரி உங்கப்பா பக்கத்தில் உட்கார்ந்து சொல்ல ஆள் இல்லையென்றால், இப்போதைக்கு வாங்காதே.