வீனஸ் ஃப்ளைட்ராப் வாங்குபவர்கள் கவனத்துக்கு: வெயில் கூடாது என்று சொல்லி விற்கிறார்கள்

பூச்சி பிடிக்கும் செடியை ஆன்லைனில் வாங்க நினைப்பவர்கள், பணம் கட்டுமுன் இதைப் படித்துவிடுங்கள்.

அண்ணன் மகளின் பிறந்தநாளுக்காக ஒரு விற்பனையாளரிடம் வீனஸ் ஃப்ளைட்ராப் ஆர்டர் செய்தேன். "முழு வளர்ச்சி அடைந்த செடி, பீட் மாஸ், பெர்லைட் கலவையில் நட்டது" என்று விளம்பரத்தில் இருந்தது. பீட் மாஸ் என்பது சதுப்பு நிலத்தில் மட்கிய பாசி, பெர்லைட் என்பது எடை குறைந்த வெள்ளை எரிமலைக் கல் துகள். படத்தில் பொறிகளின், அதாவது பூச்சியை மூடிப் பிடிக்கும் இலை நுனிகளின், உட்புறம் நல்ல சிவப்பு.

வந்த டப்பாவைத் திறந்ததும் மண்புழு உர வாசனை! பீட் மாஸும் இல்லை, பெர்லைட்டும் இல்லை. இலைகள் நீண்டு, துவண்டு, தொட்டிக்கு வெளியே தொங்கின. பொறிகள் சுண்டுவிரல் நகம் அளவுகூட இல்லை. உள்ளே வெறும் வெளிர்பச்சை. தொட்டி விளிம்பில் உப்புத் தண்ணீர் காய்ந்த வெள்ளைக் கோடு. வெளிச்சமே காட்டாமல், போர் தண்ணீர் ஊற்றி வைத்திருந்த செடி என்று பார்த்தவுடனே தெரிந்தது.

அதைவிடக் கோபம் வந்தது கூடவே வந்த அட்டையைப் படித்தபோதுதான். நேரடி வெயில் கூடாதாம், படிக்கும் மேசையில் வைத்தால் போதுமாம். மாதம் ஒருமுறை என்.பி.கே. (நைட்ரஜன், பாஸ்பரஸ், பொட்டாசியம்) உரமும், சிக்கன் துண்டும் கொடுக்க வேண்டுமாம். இதை நம்பி வளர்க்கும் ஒரு குழந்தையின் செடி சாகத்தான் செய்யும்.

இந்தச் செடியின் சொந்த ஊர் அமெரிக்காவின் வட, தென் கரோலினா கடலோரச் சமவெளி. மரநிழல் அதிகம் இல்லாத, திறந்த ஈரநிலம். மண்ணில் சத்து கிடையாது, அதனால்தான் நைட்ரஜனுக்குப் பூச்சியைப் பிடிக்கிறது. ஆனால் உணவு தயாரிக்க மற்ற செடிகளைப் போல வெயில்தான் வேண்டும், தினமும் குறைந்தது 6 மணி நேரம். உரம் போட்டால் வேர் கருகிவிடும். தண்ணீரும் மழைநீரோ, டி.டி.எஸ். (தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பு, தாதுக்களின் அளவு) 50-க்குக் கீழே உள்ள ஆர்.ஓ. தண்ணீரோதான். சில வீட்டு ஆர்.ஓ. மெஷின்கள் தாது சேர்த்து அனுப்பும், அளந்து பார்த்துவிடுங்கள்.

கலவையை மாற்றிப் பார்த்தோம். வேர் ஏற்கெனவே கறுத்திருந்தது, பிழைக்கவில்லை. போட்டோ அனுப்பிக் கேட்டால் முதலில் "புது இடம், செட்டாகிவிடும்" என்றார்கள். அப்புறம் "உயிருள்ள பொருளுக்கு ரீஃபண்ட் இல்லை" என்றார்கள். கடைசியில் நம்பரையே பிளாக் செய்துவிட்டார்கள். 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறேன். டப்பாவைத் திறக்கும்போதே வீடியோ எடுத்து வையுங்கள், சாட்சிக்கு அது வேண்டும்.

இதே ஆட்கள் நீல நிற ஃப்ளைட்ராப் விதையும் விற்கிறார்கள். அப்படி ஒரு செடியே கிடையாது. அசல் விதை சின்னதாக, கறுப்பாக, பளபளவென்று இருக்கும். அதிலிருந்து முழுச் செடியாக வளரவே சில வருடங்கள் ஆகும்.

இப்படி ஒரு செடி ஏற்கெனவே வந்துவிட்டதா? அன்றே வேரை ஆர்.ஓ. தண்ணீரில் அலசி, உரம் கலக்காத பீட் மாஸ், பெர்லைட்டில் நடுங்கள். ஒரேயடியாக உச்சி வெயிலில் வைக்காமல், காலை வெயிலில் தொடங்கி நாளுக்கு நாள் நேரத்தைக் கூட்டுங்கள். ஏப்ரல், மே மாதங்களில் மதியத்தில் மட்டும் தொட்டி சூடேறாமல் லேசான நிழல் கொடுக்கலாம். பழைய இலைகள் கருகினால் பயப்பட வேண்டாம். நடுவிலிருந்து வரும் புது இலை குட்டையாக, விறைப்பாக இருந்தால் செடி தேறிக்கொண்டிருக்கிறது.