கப்பு, துணி பேடு, உப்புத் தண்ணீர்: ஏழு வருடக் கணக்கு

2018 பிப்ரவரியில், பால் கணக்கும் கேஸ் கணக்கும் எழுதுகிற நோட்டின் கடைசிப் பக்கத்தில் 'பேடு' என்று தலைப்பு போட்டு எழுத ஆரம்பித்தேன். மாதவிலக்கில் எனக்கு உதிரப்போக்கு எப்போதுமே அதிகம். மாதம் இருபது பேடு ஆகும், பெரிய சைஸ், ஒன்று 9 ரூபாய் என்று வைத்தால் 180. வருடத்துக்கு 2,160. அப்போது நாப்கினுக்கு 12 சதவீத ஜிஎஸ்டி வேறு இருந்தது. அந்த வருடம் ஜூலையில் அதை எடுத்துவிட்டார்கள், சரி இனி விலை இறங்கும் என்று பார்த்தால் நான் வாங்கும் பாக்கெட்டில் பெரிதாக ஒன்றும் இறங்கவில்லை. மூலப்பொருளுக்குக் கட்டிய வரியைக் கம்பெனிகள் கழித்துக்கொள்ள முடியாமல் போனதால் முழு 12 சதவீதமும் நம் கைக்கு வராது என்பது பிறகுதான் புரிந்தது.

முதலில் வாங்கியது துணி பேடு. ஐந்து பேடு, 1,150 ரூபாய். ஊரிலிருந்து வந்த அம்மா அதன் விலைச்சீட்டைப் பார்த்துவிட்டு, "இத்தனூண்டு துணிக்கா இவ்வளவு ரூபா? என்கிட்ட கேட்டிருந்தா பழைய நூல் சேலையக் கிழிச்சுக் குடுத்திருப்பேனே" என்றார். சொன்னதோடு நிற்கவில்லை. ஒரு பேடை வாங்கி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்து, செய்தித்தாளில் வைத்து அளவு வெட்டி, ஃபிளானல் துணியும் டிக் பட்டனும் 300 ரூபாய்க்கு வாங்கிவரச் சொல்லி, மூன்றே நாளில் நான்கு தைத்துவிட்டார். கசியாமல் இருக்க அடியில் பழைய குடைத் துணி. அங்கேதான் சொதப்பியது. சித்திரை வெயிலில், பஸ்ஸில் உட்கார்ந்து போகும்போது அந்தக் குடைத் துணி தொடையில் ஒட்டி வெந்துபோனது. பிரித்துவிட்டு, குடைத் துணிக்குப் பதில் இன்னும் இரண்டு மடிப்பு பருத்தி வைத்துத் தைத்தார். அந்த நான்கும் இன்றைக்கும் உழைக்கின்றன, காசு கொடுத்து வாங்கியதில் இரண்டின் பட்டன் போய்விட்டது.

முதல் வருடம் ஒரு பைசா மிச்சமாகவில்லை. துணியை நம்பி ஆபீஸ் போகப் பயந்து, பேடும் வாங்கிக்கொண்டேதான் இருந்தேன். நோட்டின்படி அந்த வருடச் செலவு 2,350. பழையபடியே இருந்திருந்தால் 190 ரூபாய் கம்மி.

அப்புறம் வந்தது 2019 கோடை. சென்னையில் அப்போது இருந்தவர்களுக்குச் சொல்லவே வேண்டாம். ஏரிகள் வற்றிப்போய், லாரி புக் செய்துவிட்டு நாள் கணக்கில் காத்திருந்த நேரம். எங்கள் அபார்ட்மென்ட்டில் காலையில் ஒரு மணி நேரம் மட்டும் குழாயைத் திறந்துவிட்டார்கள். துணி பேடை முதலில் பச்சைத் தண்ணீரில் ஊறப்போட வேண்டும் (வெந்நீர் கூடாது, கறை அப்படியே பிடித்துக்கொள்ளும்), அந்தச் சிவப்புத் தண்ணீரைக் கொட்டிவிட்டு சோப்புப் போட்டு, இரண்டு முறை அலச வேண்டும். போர் தண்ணீரில் சோப்பு நுரைக்கவே நுரைக்காது என்பதால் மூன்றாவது முறையும் அலச வேண்டிவரும். ஒரு நாளைக்கு நான்கு பேடு என்றால் இரண்டு பக்கெட் போச்சு. வீட்டில் குடிக்கவும் குளிக்கவும் அளந்து ஊற்றும்போது இதற்கு இரண்டு பக்கெட் கேட்க எனக்கே கூச்சமாக இருந்தது. கப்புக்கு, அதாவது உள்ளே வைத்து உதிரத்தைப் பிடித்துக்கொள்ளும் சின்ன சிலிகான் கிண்ணத்துக்கு, மாறியது அதனால்தான். சுற்றுச்சூழல் அக்கறை எல்லாம் அப்போது மனதில் இல்லை.

சின்ன சைஸ்தான் பயமில்லாமல் இருக்கும் என்று நினைத்து 400 ரூபாய்க்கு ஒன்று வாங்கினேன். தப்பு. பிரசவம் ஆனவள், முப்பது தாண்டியவள், போக்கும் அதிகம், மூன்று மணி நேரத்தில் வழிந்துவிடும். அடுத்தது பெரியது, 650 ரூபாய். ஐந்தரை வருடமாக அதே கப்புதான், நிறம் லேசாக மங்கியதைத் தவிர ஒன்றும் ஆகவில்லை. நல்ல மருத்துவத் தர சிலிகான் கப்பு பத்து வருடம் வரை உழைக்கும் என்கிறார்கள்.

வைப்பதைவிட எடுப்பதுதான் பெரிய பாடு, அதை யாரும் முன்னாடியே சொல்லவில்லை. முதல் தடவை காம்பைப் பிடித்து இழுத்தேன், வரவில்லை, உள்ளே கவ்விக்கொண்டு நிற்கிறது. பாத்ரூமில் இருபது நிமிடம், வெளியே மகள் கதவைத் தட்டுகிறாள், எனக்கோ ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டுமோ என்று வியர்த்துவிட்டது. செய்ய வேண்டியது இவ்வளவுதான்: குத்துக்கால் வைத்து உட்கார்ந்து, லேசாக முக்கி, கப்பு கீழே இறங்கியதும் காம்பை விட்டுவிட்டு அடிப்பாகத்தை இரண்டு விரலால் அமுக்க வேண்டும். காற்றுப் பிடி விட்டதும் தானாக வரும். காப்பர் டி (கருத்தடைக்காகக் கருப்பையில் வைப்பது) போட்டிருப்பவர்கள் டாக்டரிடம் கேட்காமல் கப்புப் பக்கம் போக வேண்டாம், காற்றுப் பிடியோடு இழுத்தால் அதுவும் சேர்ந்து இடம் மாறலாம். பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் உள்ளே வைக்கவும் கூடாது.

கொதிக்க வைப்பதற்கென்று தனியாக ஒரு எவர்சில்வர் கிண்ணம். மாமியார் ஒருநாள் அதில் தயிர் உறை ஊற்றப் போனதைத் தடுத்து நான் உளறியது தனிக் கதை. எங்கள் போர் தண்ணீரில் கொதிக்க வைத்தால் கப்பு முழுக்க வெள்ளையாக உப்புப் படியும், தொட்டால் சொரசொரக்கும். கேன் தண்ணீருக்கு மாறியதும் சரியாகிவிட்டது. மாதத்துக்கு ஒருமுறை இரண்டு டம்ளர் தண்ணீர், அதற்குக் கணக்கு எழுதவில்லை.

கணக்கில் எழுத முடியாத ஒன்றும் நடந்தது. என் கப்பில் மில்லி கோடு இருக்கிறது, 25 வரைக்கும். பொதுவாக ஒரு மாதவிலக்கு முழுவதற்கும் சேர்த்தே 30, 40 மில்லிதான் போகும், 80-ஐத் தாண்டினால் அதிகம் என்பார்கள். நான் முதல் இரண்டு நாளிலேயே நூறைத் தாண்டியிருந்தேன். பேடு வைத்த காலத்தில் 'எனக்கு எப்பவுமே இப்படித்தான்' என்று இருந்தவள், இந்த எண்ணோடு டாக்டரிடம் போனேன். ஹீமோகுளோபின் 9.2, ரத்தசோகை. நான்கு மாதம் இரும்புச்சத்து மாத்திரை. மாடி ஏறினால் மூச்சு வாங்குவதற்கு வயதைக் காரணம் சொல்லிக்கொண்டிருந்தது வேறு யார், நான்தான்.

இனி மொத்தக் கணக்கு. ஏழு வருடம், 84 மாதம், பழைய விலையிலேயே போட்டாலும் பேடுக்கு 15,120 ரூபாய் ஆகியிருக்கும். ஆனது: துணி பேடு 1,150, அம்மா தைத்ததற்கு 300, கப்பு இரண்டும் 1,050, முதல் வருடத்தையும் ஊருக்குப் போகும் நாட்களையும் சேர்த்து வாங்கிய பேடு 2,000. ஆக 4,500. மிச்சம் 10,620. மாதத்துக்குப் பார்த்தால் 126 ரூபாய்தான், பிரமாதம் ஒன்றுமில்லை, ஆனால் முதல் வருடம் கழிந்த பிறகு வந்த மிச்சம் இது.

மகள் வயதுக்கு வந்து ஒன்றரை வருடம் ஆகிறது. அவளிடம் கப்பைப் பற்றி நான் பேசவில்லை, கேட்கும்போது சொல்லிக்கொள்ளலாம். வீட்டில் துணி, ஸ்கூலுக்கு பேடு. ஸ்கூல் பாத்ரூமில் ஈரத் துணியை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வா என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. பேடு வாங்கும்போது பாக்கெட் விலையைப் பார்க்காமல் எண்ணிக்கையால் வகுத்துப் பார்க்கப் பழக்கியிருக்கிறேன். ஏழு பேடு பாக்கெட்டுக்கும் நாற்பது பேடு பாக்கெட்டுக்கும் ஒரு பேடின் விலையில் வித்தியாசம் இருக்கும். கடைசி நாட்களுக்கு மத்திய அரசின் மக்கள் மருந்தகத்தில் விற்கும் சுவிதா பேடு, 2019 ஆகஸ்டிலிருந்து ஒன்று 1 ரூபாய். ஊரில் அக்கா மகளுக்கு அரசின் புதுயுகம் திட்டத்தில் இலவசமாகவே வருகிறது, இதுகூடத் தெரியாமல் கடையில் வாங்கிக்கொண்டிருந்தார்கள்.

துணி பேடுக்கு இன்னும் தீராத பிரச்சினை ஐப்பசி, கார்த்திகை. வெயிலில் இரண்டு மணி நேரத்தில் காய்வது மழை நாளில் இரண்டு நாள் எடுக்கும், நைட்டிக்கு அடியில் மறைத்துக் காயப்போட்டால் மூன்றாவது நாள் வாடை வரும். நான் இப்போது மறைப்பதில்லை, கொடியில் நேராகவே போடுகிறேன். எதிர் வீட்டு அக்கா குழந்தைக்கு பிப் தைக்கிறாயா என்று கேட்டார், ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

போன மாதம் மகளுக்கு பீரியட் பேன்ட்டி (உதிரத்தைத் தானே உறிஞ்சிக்கொள்ளும் உள்ளாடை) இரண்டு வாங்கினேன், 900 ரூபாய். அவளுக்குப் பிடித்திருக்கிறது. மாசி வெயிலிலேயே இடுப்புப் பட்டி காய ஒரு நாள் ஆகிறது. ஐப்பசி வரட்டும், அப்புறம்தான் நோட்டில் எழுதுவேன்.