ஏஜென்ட் காட்டிய நிறுவனமா, தெருமுனைச் சொலிசிட்டரா?

ஊரில் காணி வாங்கினால் நொத்தாரிசிடம் போவோம். அவர் உறுதி எழுதுவார், சாட்சிகள் கையெழுத்து வைப்பார்கள், அலுவல் முடிந்துவிடும். லண்டனில் முதல் வீட்டுக்கு அலைந்தபோது, வீடு வாங்குகிற சட்ட வேலையைப் பார்க்கிற வழக்கறிஞரான சொலிசிட்டரையும் நானும் மனைவியும் அப்படித்தான் நினைத்திருந்தோம். யாரைப் பிடித்தாலும் ஒரே வேலைதானே என்று. ஒரு வருடத்துக்குள் இரண்டு வீடுகளுக்கு இரண்டு விதமான ஆட்களிடம் கோப்பைக் கொடுத்துப் பார்த்த பிறகு அப்படி நினைக்க முடியவில்லை.

முதல் வீடு 2024 நவம்பரில், ஹரோவில், 520,000 பவுணுக்குப் பேசியது. விலை ஒத்துவந்த அன்றே எஸ்டேட் ஏஜென்ட் ஒரு பெரிய நிறுவனத்தின் பெயரைத் தந்தார். வெளியில் விசாரித்ததைவிட 300 பவுண் குறைவு. எல்லாம் இணையத்திலேயே முடியும். வீடு கைமாறாவிட்டால் அவர்களுக்குக் கூலி இல்லை. இப்படி ஆள் சேர்த்துக் கொடுப்பதற்கு ஏஜென்ட்டுக்குக் காசு போவதுண்டு, அதை நமக்குச் சொல்லியாக வேண்டும் என்பது விதி. எங்கள் தாளிலும் எழுதியிருந்தது. அதில் எனக்கு மனத்தாங்கல் இல்லை. அங்கே வேலை செய்தவர்கள் சட்டம் தெரியாதவர்களும் அல்ல.

குறை ஒன்றுதான்: எங்கள் கோப்புக்கு ஒரு சொந்தக்காரர் இருக்கவில்லை. டிசம்பரில் ஒருவர் ஆறு மாத வங்கிக் கணக்குக் கேட்டார். ஜனவரியில் இன்னொருவர், சித்தப்பா தந்த 15,000 பவுண் என்ன காசு என்று கேட்டார். அன்பளிப்பு, திருப்பிக் கேட்கமாட்டேன் என்று சித்தப்பா கடிதம் எழுதிக் கொடுத்தார். இரண்டு கிழமை கழித்து அவருடைய பாஸ்போர்ட் வேண்டும் என்றார்கள். பிறகு அவருடைய வங்கிக் கணக்கு. பெப்ரவரியில் வேறொருவர் வந்து, ஒரே நாளில் விழுந்த 9,200 பவுண் எங்கிருந்து வந்தது என்றார். அது சீட்டுக்காசு. சீட்டு என்றால் என்ன என்று ஒரு பக்கம் எழுதி அனுப்பினேன். அடுத்த கிழமை இன்னொரு பெயரில் அதே கேள்வி திரும்பி வந்தது.

கேள்விகள் நியாயமானவை. கறுப்புப் பணத்துக்கு எதிரான சட்டப்படி காசின் மூலத்தைக் கேட்காமல் எந்தச் சொலிசிட்டரும் இங்கே வீட்டு வேலை செய்ய முடியாது. முதல் நாளே சேர்த்துக் கேட்டிருக்க வேண்டியதை மூன்று மாதமாகத் துண்டு துண்டாகக் கேட்டதுதான் எங்களைக் கவிழ்த்தது. 2025 மார்ச் 31 வரைக்கும் முதல் வீடு வாங்குகிறவர்களுக்கு முத்திரை வரியில் பெரிய சலுகை இருந்தது. அந்தத் திகதிக்குள் முடித்திருந்தால் 520,000 பவுண் வீட்டுக்கு வரி 4,750 பவுண். ஏப்ரல் முதலாம் திகதியிலிருந்து 500,000 பவுணுக்கு மேற்பட்ட வீட்டுக்குச் சலுகையே இல்லை என்பதால் அதே வீட்டுக்கு 16,000 பவுண். எங்களிடம் அந்த 11,250 பவுண் இருக்கவில்லை. ஏப்ரலில் விலகிக்கொண்டோம். கூலி எடுக்கவில்லை, உண்மைதான். ஆனால் வீட்டைப் பற்றிக் கவுன்சிலிடமும் தண்ணீர் வடிகால் நிறுவனத்திடமும் பதிவுகளைத் தேடி எடுக்கக் கட்டிய காசு திரும்பவில்லை. அந்த மாதங்களில் எல்லாருக்கும் வேலை குவிந்துகிடந்தது, சின்னக் கந்தோரிலும் பிந்தியிருக்கலாம் என்பதையும் சொல்ல வேண்டும்.

இரண்டாவது வீடு 495,000 பவுண். இந்த முறை நடந்து போகக்கூடிய தூரத்தில், கடைக்கு மேல்மாடியில் இருக்கிற ஒரு சொலிசிட்டரிடம் போனோம். தமிழர் அல்ல, ஆனால் பல வருடமாக நம்மவர்களுக்கு வீட்டு வேலை செய்துவருகிறவர். கதிரையில் இருந்ததும் அந்த அம்மா கேட்ட முதல் கேள்வி: "உங்கள் இரண்டு பேரில் யாருக்காவது உலகத்தில் எங்கேயாவது வீடு இருக்கிறதா? ஊரில் சீதன வீடு ஏதும்?"

இந்தக் கேள்வியின் பெறுமதி பிறகுதான் எங்களுக்கு விளங்கியது. முதல் வீட்டுச் சலுகைக்கு வாங்குகிற இருவருமே எந்த நாட்டிலும் வீட்டுக்கு உரிமையாளராக இருந்திருக்கக் கூடாது. முதுசமாக வந்ததும் கணக்குத்தான். இப்போதும் 40,000 பவுணுக்குக் குறையாத பெறுமதியில் ஒரு வீடு ஒருவர் பெயரில் இருந்தால், இங்கே வாங்குவது பெரும்பாலும் இரண்டாவது வீடாகக் கொள்ளப்பட்டு, முழு விலைக்கும் இன்னும் ஐந்து வீதம் மேலதிக வரி. எங்கள் வீட்டுக்குச் சலுகையோடு வரி 9,750 பவுண். யாழ்ப்பாணத்தில் அப்படியொரு சீதன வீடு இருந்திருந்தால் 39,500 பவுண். மனைவிக்கு எழுதியது வெறுங்காணி. உறுதியை மொழிபெயர்ப்பித்துப் பார்த்துத்தான் சொலிசிட்டர் அதை ஏற்றுக்கொண்டார். முதல் நிறுவனத்தின் படிவத்திலும் இதே கேள்வி ஒரு கட்டமாக இருந்தது. நான் யோசிக்காமல் 'இல்லை' என்று அமத்திவிட்டுப் போயிருந்தேன். சீதனத்தை வீட்டுக் கணக்கில் சேர்க்க வேண்டும் என்று யாருக்குத் தோன்றும்?

காசு விஷயத்தில் அன்றைக்கே ஒரு முழுப் பட்டியல் தந்தார். சித்தப்பாவின் மூன்று தாள்களும் ஒரே தடவையில். சீட்டுக்கு, மாதாமாதம் எங்கள் வங்கியிலிருந்து போன 500 பவுணையும் கழிவு போக வந்த தொகையையும் அடையாளமிட்டு, சீட்டுப் பிடிக்கிற அக்காவிடம் கடிதம். கையில் காசாகக் கட்டிய சீட்டென்றால் ஏற்கமாட்டேன் என்று நேராகவே சொன்னார். இரண்டு கிழமையில் அந்தப் பகுதி மூடப்பட்டது.

பின்பக்கம் நீட்டிக் கட்டிய குசினிக்குக் கட்டட விதிச் சான்றிதழ் இல்லை என்று கண்டுபிடித்ததும் அவர்தான். நான் உடனே கவுன்சிலுக்கு ரெலிபோன் எடுக்கப் போனேன், மறித்துவிட்டார். கவுன்சிலின் காதில் விஷயம் விழுந்துவிட்டால், இதற்கென்று விற்பவர் எடுத்துத் தரக்கூடிய காப்புறுதி கிடைக்காமல் போகுமாம்.

அவரிடமும் குறை உண்டு. கட்டணம் கூட. பகலில் ரெலிபோன் எடுத்தால் மாலையில்தான் பதில். அவர் இரண்டு கிழமை லீவில் போனபோது கோப்பு அப்படியே கிடந்தது. எந்தப் படியில் நிற்கிறோம் என்று நடுச்சாமத்தில் திறந்து பார்க்க இணையப் பக்கம் எதுவும் இல்லை. சம்பளக்காசில் மட்டும் சேமித்து, யாரிடமும் வாங்காமல் வாங்குகிறவர்களுக்கு அந்தப் பெரிய நிறுவனமே போதும் என்று நினைக்கிறேன். நம்மைப்போல் நாலு பேர் கை கொடுத்து வாங்குகிற வீட்டுக்குத்தான் ஒரே ஆள் வேண்டும்.

சொலிசிட்டரா, வீடு காணி கைமாற்றும் சட்ட வேலைக்கென்றே உரிமம் பெற்ற கன்வேயன்சரா என்று பலர் மண்டையை உடைக்கிறார்கள். சாதாரண வீட்டுக்கு இரண்டும் சரி. உங்களுக்குக் கடன் தருகிற வங்கி ஏற்றுக்கொள்கிறவர்களின் பட்டியலில் அவர் இருக்கிறாரா என்பதை மட்டும் முதலே கேளுங்கள். தமிழ்ச் சொலிசிட்டர் பற்றி எனக்கு நேரடி அனுபவம் இல்லை. அத்தான் ஒரு தமிழ்ச் சொலிசிட்டரிடம் போனவர், அவருடைய பெற்றோர் பெயரிலும் வீடு பதிய வேண்டியிருந்தது. ஒவ்வொரு தாளையும் தமிழில் விளங்கப்படுத்திக் கையெழுத்து வாங்கியது பெரிய உதவி என்கிறார். தெரிந்தவர் என்பதால் பிந்தினாலும் கறாராகக் கேட்க முடியவில்லை என்றும் சொன்னார்.

நாங்கள் வாங்கியது நிலத்தோடு சேர்ந்த வீடு. குத்தகை பிளாட் என்றால் குத்தகையில் எத்தனை வருடம் மிச்சம், நிலவாடகை எப்படி ஏறும், பராமரிப்புக் கட்டணம் எவ்வளவு என்று இன்னொரு கட்டுத் தாள் இருக்கிறது. அதற்குக் கூலியும் கூடும். அங்கே எது நல்லது என்று என் அனுபவத்தை வைத்துச் சொல்லமாட்டேன். ஆனாலும் முதல் ரெலிபோனில் கேட்பதற்கு என்னிடம் ஒரு கேள்விதான் இருக்கும்: சாவி கைக்கு வரும்வரைக்கும் என் கோப்பை யார் பார்ப்பார், அவர் லீவில் போனால் யார் பார்ப்பார்?